வேகமா, திசைவேகமா? ‘வெலாசிட்டி’ என்னும் கலைச்சொல்லின் தமிழாக்கமும் ஆட்சியும்: காவலூர் விண்மீன் அளவீடுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில அறிவியல் வழக்கில் ‘ஸ்பீட்’, ‘வெலாசிட்டி’ என்னும் இரு சொற்கள் வேறுபட்ட பொருளில் ஆளப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை முறையே வேகம், திசைவேகம் என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கதி, வேகம் என்றும் வழங்குகின்றன. இதனால் ‘வேகம்’ என்னும் ஒரே சொல் இரு நாடுகளிலும் இருவேறு அளவுகளைக் குறிக்கிறது. சவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் போன்ற இடங்களில் எடுக்கப்படும் விண்மீன் அளவீடுகளைத் தமிழில் எழுதும்போது இச்சொற்கள் எங்குப் பொருந்துகின்றன, எங்குத் தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைக் காட்டிலும், அளவின் இயல்பை நோக்கிச் சொல்லைத் தேர்வதே தக்கது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், வேகம், திசைவேகம், கதி, ஆரத் திசைவேகம், காவலூர்

முன்னுரை

கலைச்சொல் ஒன்றின் தகுதியை அகராதியில் மட்டும் வைத்து மதிப்பிட இயலாது. அச்சொல் தொடரில் நின்று, எண்ணோடும் அலகோடும் சேர்ந்து, பிற சொற்களோடு தொகையாகி வழங்கும்போதுதான் அதன் வலிவும் மெலிவும் புலப்படும். ‘வெலாசிட்டி’ என்பதற்குத் தமிழ்நாட்டில் நிலைபெற்றுள்ள ‘திசைவேகம்’ பள்ளி வகுப்பறையில் ஐயமின்றி விளங்கும் சொல். எனினும் வானியல் கட்டுரையொன்றை மொழிபெயர்ப்போர் அதனை எல்லா இடத்தும் ஆள முயலும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது. அவ்விடர்ப்பாடு நடையழகைப் பற்றியது அன்று. விண்மீன் ஒன்று நெருங்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்னும் செய்தியே அதில் தொலைந்துபோகக்கூடும்.

ஆங்கிலச் சொற்களின் வரலாறு

‘வெலாசிட்டி’ என்பது விரைவானது என்னும் பொருளுடைய ‘வெலாக்ஸ்’ என்ற இலத்தீன் அடியிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் வழங்கும் இச்சொல் நெடுங்காலம் விரைவு என்பதற்குரிய மதிப்பார்ந்த சொல்லாகவே இருந்தது. திசை என்னும் கருத்து அதில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வெக்டர் கணிதம் வளர்ந்தபோதுதான், திசையும் எண்மதிப்பும் ஒருங்கே உடைய அளவு என்னும் வரையறை அதன்மேல் உறுதியாகப் படிந்தது. ‘ஸ்பீட்’ என்பதோ பழைய ஆங்கிலத்தில் வெற்றி, செழிப்பு என்னும் பொருளுடையதாக இருந்து, பின்னர் விரைவைக் குறிக்கலாயிற்று.

மூன்றாவதாகச் ‘செலரிட்டி’ என்னும் சொல்லும் உண்டு. இன்று அது பெரிதும் ஏட்டு வழக்காகவும், நீரியலில் அலை பரவும் வேகத்தைச் சுட்டும் கலைச்சொல்லாகவும் எஞ்சியுள்ளது. ஒளியின் வேகத்தைக் குறிக்கும் ‘சி’ என்னும் குறியீட்டை இதன் மூலமான ‘செலெரிடாஸ்’ என்ற இலத்தீன் சொல்லோடு இணைத்துச் சொல்லும் வழக்கமும் உள்ளது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு சொற்களின் பிறப்பில் இல்லை. அறிவியலார் உடன்பட்டு ஏற்றியது. அதனால்தான் ஆங்கில அறிவியல் வழக்கிலும் ‘வெலாசிட்டி’ பல இடங்களில் பழைய பொருளிலேயே, திசையின்றி, நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கலின் முதல் வேர் இதுவே.

தமிழில் விரைவுச் சொற்கள்

விரைவைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. தொல்காப்பிய உரியியல் கதழ்வு, துனைவு என்னும் இரு உரிச்சொற்களுக்கும் விரைவு என்னும் பொருளைத் தருகிறது. ‘கடி’ என்னும் பலபொருள் உரிச்சொல்லின் பொருள்களுள்ளும் விரைவு ஒன்று. கடுகுதல், முடுகுதல் ஆகிய வினைகளும் விரைந்து இயங்குதலைச் சுட்டுவன. இவற்றுள் முடுகுதல் என்பதே பின்னர் ‘முடுக்கம்’ எனத் தமிழ்நாட்டிலும் ‘ஆர்முடுகல்’ என இலங்கையிலும் கலைச்சொல்லாயிற்று.

வேகம், கதி ஆகிய இரண்டும் வடமொழி வழி வந்தவை. வேகம் என்பது விரைவை மட்டும் அன்றி வலிவையும் கடுமையையும் சேர்த்தே பொது வழக்கில் உணர்த்தும். நஞ்சின் வேகம், மருந்தின் வேகம் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. கதி என்பது செலவு, நடை, நிலை, புகலிடம் எனப் பல பொருள்களுக்கு இடம் தருவது. பஞ்சாங்க வழக்கில் கோள்களின் பின்னோக்கிய இயக்கத்தை ‘வக்கிர கதி’ என்பர். அங்குக் கதி என்னும் சொல் முன்னோக்கு, பின்னோக்கு என்னும் திசைக் கருத்தைத் தாங்கவல்லதாக உள்ளமை கருதத்தக்கது. இலங்கைப் பாடநூல் வழக்கிலோ அதே கதி திசையற்ற அளவுக்குப் பெயராகியுள்ளது. ஒரு சொல்லுக்கு இயல்பாகவே திசைப்பொருள் உண்டு அல்லது இல்லை என்று வாதிடுவது பயனற்றது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இரு நாட்டு வழக்குகள்

தமிழ்நாட்டு வழக்கின்படி வேகம் ஸ்கேலர் அளவு. திசைவேகம் வெக்டர் அளவு. இலங்கை வழக்கின்படி கதி எண்ணிக் கணியம். வேகம் காவிக் கணியம். தமிழ்நாட்டார் கோணத் திசைவேகம் என்பதை இலங்கையார் கோண வேகம் என்பர். இணையவழியாக இரு நாட்டு நூல்களும் ஒரே மாணவரின் கைக்கு எட்டும் இக்காலத்தில், வட்டப்பாதையில் சீராகச் செல்லும் பொருளின் வேகம் மாறுகிறது என்று ஒரு நூலும் மாறவில்லை என்று மற்றொரு நூலும் சொல்லக்கூடும். இரண்டும் தத்தம் வழக்கில் சரியே. வழக்கு வேறுபாட்டை அறியாத மாணவருக்கோ ஏதோ ஒரு நூல் பிழையுடையதாகத் தோன்றும்.

இரு முறைகளுக்கும் தனித்தனி நன்மை உண்டு. ‘திசைவேகம்’ தன் வரையறையைத் தன் உருவத்திலேயே கொண்டுள்ளது. விளக்கம் கேளாமலே பொருள் புலனாகும். ஆனால் அத்தொகையின் தலைச்சொல் வேகம் ஆதலால், திசைவேகம் என்பது வேகத்தின் ஒரு வகை என்னும் எண்ணத்தை அது எழுப்புகிறது. இயற்பியலில் உறவு இதற்கு மறுதலையானது: திசைவேகம் என்னும் வெக்டரின் எண்மதிப்பே வேகம். இலங்கையின் கதி, வேகம் என்னும் இணை இந்த மயக்கத்தைத் தருவதில்லை. இரண்டும் தொடர்பற்ற தனிச்சொற்கள். ஆனால் பொது வழக்கில் ஒருபொருளவாக வழங்கும் அவற்றின் வேறுபாட்டை மாணவர் மனனம் செய்தே நினைவில் இருத்த வேண்டும்.

காவலூரும் விண்மீன்களின் இயக்கமும்

இவ்வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு முதன்மையானது என்பதை விண்மீன் அளவீடுகள் நன்கு காட்டும். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்தை அடுத்து, சவ்வாது மலையில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் அமைந்துள்ளது. வைணு பாப்புவின் முயற்சியால் 1960களில் தேர்ந்தெடுக்கப்பட்ட இவ்விடத்தில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரியில் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டபோது, 1982இல் மறைந்த பாப்புவின் பெயர் வானாய்வகத்திற்குச் சூட்டப்பட்டது. இந்திய வானியற்பியல் நிறுவனம் இதனை நடத்தி வருகிறது. ஒளியிழை வழியாக ஒளி பெறும் எஷெல் நிறமாலைவரைவி இங்குள்ள முதன்மைக் கருவிகளுள் ஒன்று.

விண்மீன் ஒளியை நிறமாலையாக விரிக்கும்போது அதில் கருங்கோடுகள் தோன்றும். விண்மீன் விலகிச் சென்றால் அவை சிவப்பு நோக்கியும், நெருங்கி வந்தால் நீலம் நோக்கியும் இடம்பெயரும். இடப்பெயர்வை அலைநீளத்தால் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால், பார்வைக் கோட்டின் வழியே விண்மீன் இயங்கும் அளவு கிடைக்கும். விலகலுக்குக் கூட்டல் குறியும் நெருங்கலுக்குக் கழித்தல் குறியும் இடுவது உலக வழக்கு. இதுவே ஆரத் திசைவேகம் எனப்படுவது.

தமிழர் நன்கறிந்த இரண்டு விண்மீன்களை எடுத்துக்கொள்ளலாம். ரோகிணியின் ஆரத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ +54 கி.மீ.; சுவாதியினுடையது ஏறத்தாழ −5 கி.மீ. இவ்விரு எண்களையும் குறியை நீக்கி ‘வேகம்’ என்று எழுதினால் இரு பிழைகள் நேரும். முதலாவது, சுவாதி நெருங்குகிறது என்னும் செய்தி மறையும். இரண்டாவது, ரோகிணி சுவாதியைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேல் விரைவானது என்னும் பொய்த்தோற்றம் எழும். பார்வைக் கோட்டிற்குக் குறுக்காக ரோகிணி நொடிக்கு 20 கி.மீ. அளவே செல்கிறது, சுவாதியோ 120 கி.மீ.க்கு மேல் செல்கிறது. இரு கூறுகளையும் இணைத்துக் கணக்கிட்டால் ஞாயிற்றைச் சார்ந்து ரோகிணியின் முழு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 57 கி.மீ., சுவாதியினுடையது ஏறத்தாழ 122 கி.மீ. ஆகும். உண்மையில் விரைந்தோடுவது சுவாதியே.

எதனைச் சார்ந்த இயக்கம் என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கது. புவி ஞாயிற்றை நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ரோகிணி புவியின் சுற்றுத்தளத்தை ஒட்டிய திசையில் இருப்பதால், திருத்தம் செய்யாத அளவீட்டில் அதன் மதிப்பு மார்ச்சுத் தொடக்கத்தில் +84 கி.மீ. அளவிற்கு உயர்ந்தும், செப்டம்பர்த் தொடக்கத்தில் +24 கி.மீ. அளவிற்குத் தாழ்ந்தும் காணப்படும். விண்மீனின் இயக்கம் மாறவில்லை. அளப்பவர் நிற்கும் புவியின் திசைதான் மாறுகிறது. புவியின் தற்சுழற்சியால் காவலூர் தானும் நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்கிறது. 1995இல் 51 பெகாசி என்னும் விண்மீனைச் சுற்றும் கோள் கண்டறியப்பட்டபோது, அவ்விண்மீனிடம் காணப்பட்ட ஊசலாட்டத்தின் வீச்சு நொடிக்கு 60 மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு நுண்ணிய மாற்றத்தைக் காண, புவியின் இயக்கங்களைத் திசையோடும் குறியோடும் கழித்தாக வேண்டும். இங்கெல்லாம் திசை என்பது சொல்லில் ஒட்டிய அணியன்று; கணக்கின் உயிர்.

ஓர் இடைவெளியின் பொருள்

‘ஆரத்திசைவேகம்’ என்று சேர்த்து எழுதப்படும் தொகையை இருவகையாகப் பிரிக்கலாம். ‘ஆரத் திசைவேகம்’ எனப் பிரித்தால் ஆரத்தின் வழியமைந்த திசைவேகம் என்று பொருள்படும். அது கழித்தல் குறி ஏற்கும். ‘ஆரத்திசை வேகம்’ எனப் பிரித்தால் ஆரத்திசையில் அமைந்த வேகம் என்று பொருள்படும். தமிழ்நாட்டு வரையறைப்படி வேகம் ஒருபோதும் கழித்தல் மதிப்பு ஏற்காது. இரு பிரிப்பிலும் ஆரம் என்பதன் ஈறு கெட்டுத் தகரம் மிகுதலால் புணர்ச்சியைக் கொண்டு வேறுபாடு காண இயலாது. சொல்லிடையே விடும் இடைவெளி ஒன்றே பொருளைக் காக்கிறது. அச்சிலும் இணையப் பதிப்பிலும் வரிமுறிவின்போது இவ்விடைவெளி எளிதில் இடம்மாறுவது உண்டு என்பதைப் பதிப்பாசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

திசையே இல்லாத ‘வெலாசிட்டி’

மறுபுறம், ஆங்கிலத்தில் ‘வெலாசிட்டி’ என்று வரும் இடமெல்லாம் திசைவேகம் என்று பெயர்ப்பதும் பிழைக்கு வழியாகும். இதற்கு வைணு பாப்புவின் பெயரோடு இணைந்த கண்டுபிடிப்பே சிறந்த எடுத்துக்காட்டு. ஒலின் வில்சனும் வைணு பாப்புவும் 1957இல் வெளியிட்ட ஆய்வு, குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் 393.4 நானோமீட்டரில் அமைந்த கால்சியம் கோட்டின் நடுவே தோன்றும் ஒளிர்பகுதியின் அகலத்திற்கும் அவ்விண்மீனின் உள்ளார்ந்த ஒளித்திறனுக்கும் தொடர்பு இருப்பதை நிறுவியது. ஒளித்திறன் மிக்க பெருமீன்களில் அக்கோடு அகன்றும், குறுமீன்களில் குறுகியும் காணப்படும். வில்சன்–பாப்பு விளைவு என வழங்கும் இதன்வழி விண்மீனின் தொலைவையும் மதிப்பிடலாம்.

அவ்வகலத்தை நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் அலகிலேயே குறிப்பர். அலகு ஒன்றே எனினும், அந்த எண் விண்மீன் எங்கும் செல்வதைச் சொல்லவில்லை. அது கோட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரையுள்ள பரப்பு. அதற்குத் திசையும் இல்லை, குறியும் இல்லை. ரோகிணி போன்ற பெருமீனின் ஒரே நிறமாலையிலிருந்து ஆரத் திசைவேகத்தையும் இவ்வகலத்தையும் ஒருங்கே பெறலாம். முன்னதைத் திசைவேகம் என்பது கட்டாயம். பின்னதைத் திசைவேகம் என்பது தவறு. அதனை ‘வேக அலகில் கோட்டின் அகலம்’ என்று விரித்துச் சொல்வதே தெளிவு தரும்.

இத்தகைய இடங்கள் வேறும் உள்ளன. புவியின் ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான நொடிக்கு 11.2 கி.மீ. என்னும் அளவு, எத்திசையில் எறியினும் ஒன்றே. ஆங்கிலத்தில் அதனை ‘எஸ்கேப் வெலாசிட்டி’ என்று வழங்கும் பழக்கம் உண்டு. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல் ‘விடுபடு வேகம்’ என்கிறது. தமிழாக்கம் ஆங்கில வழக்கினும் திருத்தமாக அமைந்துவிட்ட இடம் இது. வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என 1983இல் நிலைநிறுத்தப்பட்ட ஒளியின் மதிப்பும் எல்லாத் திசைக்கும் பொது ஆதலால், அதனை ஒளியின் திசைவேகம் என்பதைவிட ஒளியின் வேகம் என்பதே பொருந்தும். பொருளியலில் பணத்தின் சுழற்சி வேகம் என்பதும் இவ்வாறே திசைக்கு இடமில்லாதது.

தொடரமைப்பு தரும் தீர்வு

திசையைத் தனிச்சொல்லால் அன்றித் தொடரமைப்பாலும் உணர்த்துவது தமிழின் இயல்பு. வடகிழக்கிலிருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசும் என்று வானிலைச் செய்தி கூறும்போது, வேற்றுமை உருபு திசையையும் வேகம் என்னும் சொல் அளவையும் தருகின்றன. இரண்டும் சேர்ந்து வெக்டரின் முழுச் செய்தியையும் அளித்துவிடுகின்றன. அங்குத் திசைவேகம் என்று எழுதினால் கூறியது கூறலாகும்.

வினைத்தொகையும் இதற்குத் துணை செய்யும். விலகு வேகம், அணுகு வேகம் என்னும் தொகைகளில் வினையடியே திசையை உணர்த்திவிடுகிறது. 1912இல் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ சிலைஃபர் எடுத்த நிறமாலையிலிருந்து ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளுக்குப் பெறப்பட்ட மதிப்பு நொடிக்கு −300 கி.மீ. இதனைப் பொதுவாசகருக்கு ‘நொடிக்கு 300 கி.மீ. அணுகு வேகம்’ என்று எழுதினால் குறியின் பொருளும் காக்கப்படும், தொடரும் எளிதாகும். கழித்தல் குறியை விடுத்து ‘300 கி.மீ. திசைவேகம்’ என்று எழுதினாலோ, திசை என்னும் சொல் இருந்தும் திசை தெரியாத நிலையே எஞ்சும்.

பரிந்துரைகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவதாக, மூலத்திலுள்ள அளவு முழு வெக்டரா, ஒரு திசையிலமைந்த குறியுடைய கூறா, எண்மதிப்பு மட்டுமா என்பதை அறிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும். முதலிரண்டுக்கும் திசைவேகமும், மூன்றாவதற்கு வேகமும் உரியன.

இரண்டாவதாக, ஆரத் திசைவேகம் போன்ற கூறுகளைக் கூட்டல், கழித்தல் குறியோடும், எதனைச் சார்ந்த அளவு என்னும் குறிப்போடும் எழுதுதல் வேண்டும். தொகையில் இடைவெளியைப் பேணுதல் வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ்நாட்டு நூலையும் இலங்கை நூலையும் ஒருங்கே எடுத்தாளும் கட்டுரை, வேகம் என்பதை எந்த வழக்கில் ஆள்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்தல் வேண்டும். இலங்கை நூலின் ‘வேகம்’ மேற்கோளில் மாற்றப்படாமல் நின்று, விளக்கத்தில் திசைவேகம் எனச் சுட்டப்படலாம்.

நான்காவதாக, இரு நாட்டுக் கலைச்சொற்களைத் தொகுக்கும் பட்டியல்களும் கணினி அகராதிகளும் ‘வேகம்’ என்னும் ஒரே பதிவின்கீழ் இரு பொருளையும் நாட்டுக் குறிப்பின்றித் தருதல் கூடாது.

முடிவுரை

திசைவேகம் நல்ல கலைச்சொல். அதனைக் கைவிட வேண்டிய தேவை இல்லை. ஆயினும் அதன் உருவிலுள்ள ‘திசை’ என்னும் சொல், திசையைச் சொல்லும் கடமையிலிருந்து எழுதுவோரை விடுவிப்பதில்லை. ஆங்கிலச் சொல் வந்த இடத்திலெல்லாம் அதனை இட்டு நிரப்பினால், காவலூரில் இரவெல்லாம் காத்திருந்து பெற்ற ஓர் எண்ணின் குறியும் பொருளும் தமிழ்த் தொடரில் உதிர்ந்துவிடும். அளவின் இயல்பை அறிந்து வேகம், திசைவேகம், விலகு வேகம், அணுகு வேகம் என இடமறிந்து ஆளும்போது, ஆங்கில வழக்கே தெளிவின்றி விட்ட இடங்களிலும் தமிழ் தெளிவாகச் சொல்லவல்லது என்பதற்கு ‘விடுபடு வேகம்’ முன்னரே வழிகாட்டியுள்ளது.